மக்கள் தேர்ந்த மேயரும் மத்திய அரசும்: இங்கிலாந்தின் கால் நூற்றாண்டு

2016 மே மாதம் சாதிக் கான் லண்டன் மேயரானபோது, இரண்டாம் விருப்ப வாக்குகளையும் சேர்த்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பிரிட்டனின் பிரதமரோ தன் தொகுதியில் சில பத்தாயிரம் வாக்குகளைப் பெற்றுத்தான் நாடாளுமன்றத்துக்குள் நுழைகிறார். ஆனால் அந்தப் பிரதமரின் அரசு நினைத்தால், சாதாரண பெரும்பான்மையில் ஒரு சட்டம் போட்டு மேயர் பதவியையே இல்லாமல் செய்துவிடலாம். வாக்குப் பலம் ஒருவரிடம் இருக்க, சட்டப் பலம் முழுக்க இன்னொருவரிடம் இருக்கிறது. இந்த இருவரும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள்? முரண்படும்போது யார் இறங்கிவருகிறார்கள், ஏன்?

மேயர்கள் பரவலாக உள்ள நாடுகள் பல இருந்தாலும் இங்கிலாந்து இந்தக் கேள்விக்கு நல்ல களம். உலகின் மையப்படுத்தப்பட்ட ஜனநாயகங்களில் அது ஒன்று. நேரடித் தேர்தல் என்ற ஏற்பாடு அங்கே 2000-இல்தான் வந்தது. ஆகவே வருவதற்கு முன் சொல்லப்பட்ட வாதங்களையும் வந்தபின் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

மில் முதல் தாட்சர் வரை

இதற்கு முதலில் ஒழுங்கான விடை சொல்ல முயன்றவர்களில் ஒருவர் ஜான் ஸ்டூவர்ட் மில். பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய 1861-ஆம் ஆண்டு நூலில், பொதுக் கோட்பாடுகளும் திரட்டிய அறிவும் மையத்திடம் இருக்கட்டும், செய்துமுடிக்கும் அதிகாரம் உள்ளூரில் இருக்கட்டும் என்று அவர் வேலையைப் பிரித்தார். காகிதத்தில் அழகான பிரிவினை. கோட்பாடு எங்கே முடிந்து விவரம் எங்கே தொடங்குகிறது என்பதை யார் தீர்மானிப்பது என்ற இடத்தில்தான் அது தடுமாறுகிறது. பேருந்துக் கட்டணம் கோட்பாடா, விவரமா? மில் எம்.பி.யாக இருந்தபோது லண்டன் முழுமைக்கும் நகராட்சி அமைக்க மசோதாக்கள் கொண்டுவந்தார், அவை நிறைவேறவில்லை.

1889-இல் லண்டன் கவுண்டி கவுன்சில் வந்ததும் மைய அரசுக்கு வேறொரு கவலை பிறந்தது. தேம்ஸ் நதிக்கரையில் இன்னொரு குட்டி நாடாளுமன்றம் உருவாகிறதோ என்ற கவலை அது. சாலிஸ்பரி அரசு 1899-இல் லண்டனை 'பரோ' என்ற பல உள்ளூர் நிர்வாகப் பகுதிகளாகப் பிரித்து எதிர் எடை வைத்ததற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். அடுத்த நூற்றாண்டில் அதே கவலை இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. 1981-இல் கென் லிவிங்ஸ்டன் தலைமையில் வந்த பெருநகர லண்டன் கவுன்சில் போக்குவரத்துக் கட்டணத்தைக் குறைத்தது. பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அதே டிசம்பரில் அது சட்டவிரோதம் என்றார்கள். கவுன்சில் தன் கட்டடக் கூரையில் லண்டனின் வேலையில்லாதோர் எண்ணிக்கையை எழுதி, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த நாடாளுமன்றத்தைப் பார்த்தபடி மாட்டிவைத்தது. தாட்சர் அரசு 1985-இல் சட்டம் இயற்றி, 1986 மார்ச் 31-ஆம் தேதியோடு கவுன்சிலையே கலைத்தது. அதன்பின் 14 ஆண்டுகள் லண்டனுக்கு நகரம் தழுவிய ஆட்சி கிடையாது.

பிற்கால விவாதம் எல்லாம் இந்தக் கலைப்பின் நிழலில்தான் நடந்தது. நேரடித் தேர்தல் வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் இதையே எடுத்துக்காட்டினார்கள் என்பது சுவையான விஷயம்.

முகமே பலம் என்ற வாதம்

முதல் நிலைப்பாடு எளிமையானது. கவுன்சில் உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் தலைவரை ஊரில் யாருக்கும் தெரியாது. மக்கள் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்த ஒருவர் இருந்தால் மத்திய அமைச்சர் அவருடைய தொலைபேசி அழைப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. கன்சர்வேடிவ் கட்சியில் மைக்கேல் ஹெசல்டைன் 1990-களின் தொடக்கத்திலிருந்தே இந்த யோசனையை முன்வைத்தார். தொழிற்கட்சியில் டோனி பிளேர் அதை எடுத்துக்கொண்டார். 1998 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் லண்டன்வாசிகளில் வாக்களித்தோரில் 72 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். வாக்களித்தவர்களே 34 சதவீதம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2000-இல் நடந்த முதல் தேர்தலே இந்த வாதத்துக்குச் சோதனையாகவும் சான்றாகவும் அமைந்தது. தொழிற்கட்சித் தலைமை லிவிங்ஸ்டனுக்கு இடம் தரவில்லை. அவர் சுயேச்சையாக நின்று வென்றார். ஆளுங்கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் ஃபிராங்க் டாப்சன் மூன்றாம் இடத்துக்குப் போனார். தாட்சர் எந்த மனிதரின் சபையைக் கலைத்தாரோ அதே மனிதர், பிளேர் விரும்பாதபோதும், பிளேர் உருவாக்கிய பதவியில் வந்து உட்கார்ந்தார்.

அவர் செய்த முக்கியமான காரியம் 2003 பிப்ரவரியில் வந்த நெரிசல் கட்டணம். மைய லண்டனுக்குள் வரும் கார்களுக்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு. மத்திய அமைச்சர்கள் விலகி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தோற்றால் பழி மேயருக்கு. கட்டணம் நிலைத்தது. முகமே பலம் என்பவர்கள் இதைத் தங்கள் முதல் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் கட்டணம் வசூலிக்கும் அதிகாரம் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே மேயருக்குத் தரப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வாக்கு துணிச்சலைத் தந்தது, அதிகாரத்தைச் சட்டம் தந்திருந்தது.

சட்டம் தராத இடத்திலும் முகம் சில சமயம் வேலை செய்திருக்கிறது. லண்டன் காவல் ஆணையரை நியமிப்பதில் கடைசிச் சொல் உள்துறை அமைச்சருடையது. இருந்தும் 2008 அக்டோபரில் அப்போதைய மேயர் போரிஸ் ஜான்சன் நம்பிக்கை இல்லை என்றதும் ஆணையர் சர் இயன் பிளேர் விலகினார். 2022 பிப்ரவரியில் சாதிக் கான் அதையே சொன்னபோது ஆணையர் கிரெசிடா டிக் விலகினார். நகரத்தின் மேயருடைய நம்பிக்கை இல்லாமல் ஓர் ஆணையர் நாற்காலியில் இருக்க முடியாது என்பது எந்தச் சட்டப் பிரிவிலும் எழுதப்படாமலே வழக்கமாகிவிட்டது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் லண்டனுக்கு வெளியேதான் தெரிகிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மற்ற ஊர்களுக்கும் நேரடி மேயர் வைத்துக்கொள்ள வழிசெய்தது. ஹார்டில்பூல் நகரம் 2002-இல் உள்ளூர்க் கால்பந்துக் கழகத்தின் குரங்கு வேடக்காரரான ஸ்டூவர்ட் டிரம்மண்டைத் தேர்ந்தெடுத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்பது அவர் வாக்குறுதி. லண்டன் பத்திரிகைகள் சிரித்தன; அவர் மேலும் இரு முறை வென்றார். ஆனால் புகழால் கூடுதல் அதிகாரம் ஏதும் வரவில்லை, 2012-இல் ஊர்மக்களே பதவி வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் பத்து பெருநகரங்களில் வாக்கெடுப்பு நடந்தபோது பிரிஸ்டல் மட்டும் சம்மதித்தது. பத்தாண்டு கழித்து பிரிஸ்டலும் 59 சதவீத வாக்கில் அந்தப் பதவியை ஒழித்தது. ஒரு நகர எல்லைக்குள் அடங்கிய, புதிய அதிகாரம் எதுவும் இல்லாத மேயர் முகமாக மட்டுமே இருந்தார். மத்திய அரசு கேட்கும் அளவுக்கு அந்த முகம் பெரிதாகவில்லை.

பேரம் பேசிப் பெறும் அதிகாரம்

இரண்டாவது நிலைப்பாடு கல்விப்புலத்திலிருந்து வந்தது. ஆர்.ஏ.டபிள்யூ. ரோட்ஸ் 1981-இல் முன்வைத்த பார்வை இது: மையமும் உள்ளாட்சியும் ஆண்டானும் அடிமையும் அல்ல, ஒன்றையொன்று சார்ந்தவை. மையத்திடம் சட்டமும் பணமும் உண்டு. உள்ளாட்சியிடம் ஆட்களும் தகவலும் வேலையைச் செய்துமுடிக்கும் திறனும் உண்டு. உறவு என்பது இவற்றின் பரிமாற்றம்.

மான்செஸ்டர் வட்டாரத்தின் கதையை இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெளிவாகப் புரிகிறது. அங்குள்ள பத்து கவுன்சில்களும் கட்சி வேறுபாடு கடந்து 2011-இல் ஒரு கூட்டு ஆணையமாக இணைந்திருந்தன. மான்செஸ்டர் நகர மக்கள் 2012-இல் நேரடி மேயர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2014-இல் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: அதிகாரம் வேண்டுமா, பத்து ஊருக்கும் சேர்த்து ஒரு மேயரை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இம்முறை வாக்கெடுப்பு எதுவும் நடத்தப்படவில்லை.

ஒப்பந்தத்தில் கிடைத்தவற்றுள் உண்மையான பலன் தந்தது பேருந்து. 2017-ஆம் ஆண்டுப் பேருந்துச் சட்டம் மேயர் உள்ள வட்டாரங்களுக்கு ஒரு வாய்ப்பைத் திறந்தது. தடம், நேரம், கட்டணம் ஆகியவற்றை ஆணையமே தீர்மானிக்கும். தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்துக்கு ஓட்டும். தாட்சர் காலத்தில் லண்டனுக்கு வெளியே கைவிடப்பட்ட கட்டுப்பாடு இது. மான்செஸ்டர் வட்டார மேயர் ஆண்டி பர்னம் இதைக் கையில் எடுத்தார். பேருந்து நிறுவனங்கள் நீதிமன்றம் போய்த் தோற்றன. 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் வட்டாரம் முழுவதும் மஞ்சள் வண்ண 'பீ நெட்வொர்க்' பேருந்துகளுக்கு மாறியது.

ஆனால் எல்லா ஒப்பந்தமும் இப்படி விளையவில்லை. 2015-இல் பெரிதாக அறிவிக்கப்பட்ட 600 கோடி பவுண்டு மருத்துவத் துறைப் பகிர்வு, உண்மையில் சட்டப் பொறுப்பு எதையும் மேயரிடம் மாற்றவில்லை. தேசிய மருத்துவ சேவை தேசியமாகவே இருந்தது. வடகிழக்கில் 2016-இல் கவுன்சில்கள் தங்களுக்குள் உடன்படாமல் ஒப்பந்தமே முறிந்தது. முழு வட்டாரத்துக்கும் ஒரே மேயர் வர 2024 ஆனது.

பேரக் கோட்பாட்டின் பெரிய ஓட்டை, இரு தரப்பும் பேரம் பேசுவதாக அது கற்பனை செய்வது. அமைச்சகம் எழுதிக்கொடுத்த நிபந்தனையை ஏற்பதா மறுப்பதா என்பது மட்டுமே ஊர்களுக்கு இருந்த தேர்வு. அதைப் பேரம் என்பதைவிட விலைப்பட்டியல் என்பதே சரி.

சாவி கருவூலத்தில்

மூன்றாவது நிலைப்பாடு வாக்கையும் பேரத்தையும் ஓரம்கட்டிவிட்டுப் பணத்தைப் பார்க்கிறது. ஜான்சன் மேயராக இருந்தபோது அமைத்த லண்டன் நிதி ஆணையம், பேராசிரியர் டோனி டிராவர்ஸ் தலைமையில், 2013-இல் அறிக்கை தந்தது. லண்டன் மக்களும் நிறுவனங்களும் செலுத்தும் வரியில் மேயருக்கும் பரோக்களுக்கும் சேர்த்து நேரடியாகத் தங்குவது 7 சதவீதம்தான், நியூயார்க்கில் அது 50 சதவீதத்துக்கும் மேல் என்று அது சுட்டிக்காட்டியது. மீதி முழுவதும் கருவூலத்துக்குப் போய், மானியமாகத் திரும்பி வர வேண்டும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். நாடாளுமன்றம் சட்டத்தில் தந்ததைக் கருவூலம் கணக்கில் பிடித்துக்கொண்ட கதைக்கு லண்டன் சுரங்க ரயில் நல்ல உதாரணம். சுரங்க ரயிலின் பராமரிப்பைத் தனியார் கூட்டு நிறுவனங்களிடம் முப்பதாண்டு ஒப்பந்தத்தில் கொடுப்பது என்பது நிதியமைச்சர் கார்டன் பிரவுனின் திட்டம். லிவிங்ஸ்டன் அதற்கு எதிரான வாக்குறுதியை வைத்துத்தான் வென்றிருந்தார். நியூயார்க் சுரங்க ரயிலை மீட்டெடுத்த பாப் கைலியை அழைத்துவந்து வைத்துக்கொண்டு எதிர்த்தார்; 2001-இல் வழக்குப் போட்டுத் தோற்றார். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே சுரங்க ரயில் மேயரின் கைக்கு வந்தது. 2007-இல் ஒப்பந்த நிறுவனங்களில் பெரியதான மெட்ரோநெட் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. 2010-இல் மீதியையும் லண்டன் போக்குவரத்துக் கழகமே வாங்கிக்கொண்டது. மேயர் சொன்னது சரி என்று நிரூபணமானது. சரியாக இருந்ததால் அவருக்கு எந்த அதிகாரமும் கூடவில்லை என்பதுதான் பாடம்.

அதே காலத்தில், அதே மேயருக்கும் மத்திய அரசுக்கும் இடையே, நேர்மாறான உதாரணமும் உண்டு. 2012 ஒலிம்பிக்கைக் கொண்டுவருவதில் லிவிங்ஸ்டனும் அமைச்சர் டெஸ்ஸா ஜவலும் இணைந்து செயல்பட்டார்கள். செலவில் லண்டனின் பங்கு எவ்வளவு என்பது முன்கூட்டியே எழுத்தில் வந்தது. நடுத்தர வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு கூடுதல் வரி விதித்து மேயர் அதைச் செலுத்தினார். எலிசபெத் ரயில் தடத்துக்கும் இப்படித்தான்: வணிகச் சொத்துகள் மீது 2010 முதல் ஒரு கூடுதல் தீர்வை, மத்திய அரசின் பங்கு, மேயரின் பங்கு என எல்லாம் கணக்கில் பிரிக்கப்பட்டன. திட்டம் தாமதமாகி 2022-இல்தான் திறந்தது. இருந்தும் இரு தரப்பும் ஒன்றையொன்று விட்டுப் போகவில்லை. இரு தரப்பின் பணமும் உள்ளே இருந்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

எதிர்த்திசையில் நடந்தது போக்குவரத்து மானியம். ஆஸ்போர்னும் ஜான்சனும் 2015-இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ஆண்டுக்குச் சுமார் 70 கோடி பவுண்டாக இருந்த நடைமுறை மானியம் 2018-க்குள் நின்றது. லண்டன் போக்குவரத்துக் கழகம் தன் வருவாயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குப் பயணக் கட்டணத்தையே நம்பும் நிலைக்கு வந்தது. அதன் மேல் கான் தன் முதல் பதவிக்காலத்தில் கட்டணத்தை உயர்த்தாமல் வைத்தார். 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து ரயில்கள் காலியானபோது கழகத்தின் கையிருப்பு வாரக்கணக்கில் கரைந்தது. மே மாதம் வந்த 160 கோடி பவுண்டு மீட்பு நிதியில் ஒரு பகுதி கடன். நிபந்தனைகள்: கட்டண உயர்வு, 15 பவுண்டாக உயரும் நெரிசல் கட்டணம், கழகத்தின் குழுவில் அரசுப் பிரதிநிதிகள். பழி யாருடையது என்பதில் இரு தரப்பும் ஆளுக்கொரு பாதி உண்மையைச் சொன்னார்கள். அரசு, கட்டண முடக்கத்தைச் சுட்டியது. மேயர், மானியம் நின்றதைச் சுட்டினார். நெரிசல் கட்டணத்தை உயர்த்துவது சட்டப்படி மேயரின் முடிவு. அதை எடுத்தது கருவூலம். நீண்டகால உடன்பாடு 2022 ஆகஸ்டில்தான் வந்தது.

பணவாதத்தின் பலம் இங்கே தெரிகிறது. அதற்கும் ஒரு குறை உண்டு. பணத்தை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கப் போனால், கையில் பணமே இல்லாமல் காவல் ஆணையர்கள் விலகியதை விளக்க முடியாது.

ஒரே கட்சி என்றால் உதவுமா?

ஒரே கட்சி என்றால் உதவும் என்றே நடைமுறை அரசியல்வாதிகள் நம்புகிறார்கள். சான்றுகள் அவ்வளவு உறுதியாக இல்லை. டீஸ் பள்ளத்தாக்கின் மேயர் பென் ஹௌச்சன் ஒரு சாதகமான உதாரணம்: பிரதமராகிவிட்ட ஜான்சனின் அரசோடு நெருக்கமாக இருந்த காலத்தில் சுதந்திரத் துறைமுகமும், டார்லிங்டனில் கருவூலத்தின் கிளை அலுவலகமும் அவர் வட்டாரத்துக்கு வந்தன. நெருக்கத்துக்கு ஒரு விலையும் இருந்தது. அங்கே பழைய எஃகு ஆலை நிலத்தின் மறுமேம்பாடு குறித்து அரசு அமைத்த விசாரணைக் குழு, ஊழலுக்குச் சான்றில்லை என்றபோதும், வெளிப்படைத்தன்மையும் மக்கள் பணத்துக்கான மதிப்பும் போதவில்லை என்று 2024 தொடக்கத்தில் குறிப்பிட்டது.

மறுபக்கம் நீளமானது. ஜான்சன் மேயராக இருந்தபோது, கலவரம் அடக்கவென்று ஜெர்மனியிலிருந்து மூன்று பழைய தண்ணீர்ப் பீய்ச்சும் வண்டிகளை வாங்கிவைத்தார். உள்துறை அமைச்சர் தெரசா மே, அதே கட்சிக்காரர், 2015-இல் அனுமதி மறுத்தார். 3 லட்சம் பவுண்டுக்கும் மேல் செலவான வண்டிகள் பிறகு பழைய இரும்பு விலைக்குப் போயின. மேற்கு மிட்லண்ட்ஸின் ஆண்டி ஸ்ட்ரீட் இன்னும் வருத்தமான உதாரணம். கன்சர்வேடிவ் கட்சியின் மிகத் திறமையான மேயர் என்று எதிரிகளும் ஒப்புக்கொண்ட மனிதர். அமைச்சகங்கள் அறிவிக்கும் போட்டி நிதிகளுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் முறையைக் கையேந்தும் கலாச்சாரம் என்று தன் கட்சி அரசையே விமர்சித்தார். 2023 அக்டோபரில் பர்மிங்காமுக்கு வடக்கே போக வேண்டிய அதிவேக ரயில் தடத்தைப் பிரதமர் ரிஷி சுனக் ரத்து செய்தார். ஸ்ட்ரீட் விலகலாமா என்று யோசித்தார், விலகவில்லை. அடுத்த மே மாதம் 1,508 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

தொழிற்கட்சியிலும் அப்படியே. மாசு வெளியிடும் வாகனங்களுக்கான கட்டண மண்டலத்தை 2023-இல் கான் லண்டன் முழுவதற்கும் விரித்தபோது, ஒரு இடைத்தேர்தல் தோல்விக்குப் பின் கட்சித் தலைவர் ஸ்டார்மரே மறுபரிசீலனை செய்யச் சொன்னார். கான் பின்வாங்கவில்லை, எதிர்த்த கவுன்சில்கள் நீதிமன்றத்தில் தோற்றன. கட்சி ஆட்சிக்கு வந்தபின் 2025 ஜனவரியில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் ஹீத்ரோவின் மூன்றாம் ஓடுபாதையை ஆதரித்தார், கான் எதிர்த்தபோதும். இரண்டு நிகழ்வுக்கும் கட்சி ஒன்றே. மண்டலம் மேயரின் சட்ட அதிகாரத்துக்குள் இருந்தது, ஓடுபாதை இல்லை.

2020 அக்டோபர்

பெருந்தொற்றின்போது மான்செஸ்டரில் நடந்த மோதல் எல்லா நிலைப்பாட்டுக்கும் ஒரே நேரத்தில் தேர்வு வைத்தது. வட்டாரத்தை மிகக் கடுமையான மூன்றாம் நிலைக் கட்டுப்பாட்டில் வைக்க அரசு விரும்பியது. மதுவிடுதிகள் மூடப்படும், மூடிய இடங்களின் ஊழியருக்கு ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். வசந்த காலத்தில் 80 சதவீதம் தந்தவர்கள் வடக்குக்கு மட்டும் ஏன் குறைக்கிறார்கள் என்பது பர்னமின் கேள்வி. அவ்வட்டாரக் கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் சிலரும் அவர் பக்கம் நின்றார்கள். மேயர் தரப்பு குறைந்தது 6.5 கோடி பவுண்டு கேட்டது, அரசு 6 கோடி வரை வந்தது, பேச்சு முறிந்தது. அக்டோபர் 20 அன்று திறந்த வெளியில் பத்திரிகையாளர்களிடம் பர்னம் பேசிக்கொண்டிருக்கும்போதே, 2.2 கோடி மட்டும் தருவதாகத் தகவல் ஒருவரின் கைபேசியில் வந்து, கேமரா முன் அவருக்குக் காட்டப்பட்டது.

சட்டப்படி அவரிடம் எதுவும் இல்லை. பொதுச் சுகாதாரக் கட்டுப்பாடு மைய அரசின் அதிகாரம்; மூன்று நாளில் அது அமலுக்கு வந்தது. பின்னர் அந்த 6 கோடியும் கிடைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் நாடு முழுதும் மீண்டும் முடக்கம் அறிவிக்கப்பட்டபோது ஊதிய உதவி 80 சதவீதத்துக்கே திரும்பியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் பர்னம் 67 சதவீத வாக்குப் பெற்றார்.

இதைத் தோல்வி என்பதா, வெற்றி என்பதா? 80 சதவீதம் பர்னமின் குரலால் வந்தது என்று சொல்லச் சான்று போதாது. தெற்கு இங்கிலாந்தும் முடக்கத்துக்குள் வந்ததே நெருக்கமான காரணமாகத் தெரிகிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது சிறியது. இங்கிலாந்தின் ஒரு வட்டாரத்துக்காகப் பேச ஆளில்லை என்பதுபோல் அரசு முடிவெடுப்பது அதன்பின் கடினமாயிற்று. ஆனால் நெருக்கடி நாளில் எழும் குரல், அடுத்த வாரத்து வடிகால் பணிக்கு நிதி வாங்கித் தராது.

போட்டியாளர் என்ற அச்சம்

2013-இல் பெஞ்சமின் பார்பர், தேசங்கள் தோற்ற இடத்தில் நகரங்கள் வெல்லும், மேயர்கள் உலகை ஆளட்டும் என்ற தொனியில் ஒரு நூல் எழுதினார். சாக்கடை அடைப்புக்குச் சித்தாந்தம் கிடையாது என்ற பழைய நம்பிக்கையின் விரிவு அது. அவர் குறைத்து மதிப்பிட்டது, தேசிய அரசின் பயத்தை. இந்தோனேசியாவில் ஜோக்கோ விடோடோ ஜகார்த்தா ஆளுநர் பதவியிலிருந்து இரண்டே ஆண்டில் அதிபரானார். சியோலின் லீ மியுங்பாக், லண்டனின் ஜான்சன் என வரிசை நீளும். இஸ்தான்புல்லின் முன்னாள் மேயரான துருக்கி அதிபர் எர்துவானுக்கு இந்தப் பாதை நன்றாகத் தெரியும். 2019 மார்ச்சில் அதே நகரின் மேயர் தேர்தலில் எதிர்க்கட்சியின் எக்ரெம் இமாமோலு சுமார் 13,000 வாக்கில் வென்றபோது தேர்தல் ரத்து செய்யப்பட்டது. ஜூனில் நடந்த மறுதேர்தலில் வித்தியாசம் 8 லட்சத்தைத் தாண்டியது. 2025 மார்ச்சில் அவர் கைது செய்யப்பட்டுப் பதவியிலிருந்தும் நிறுத்தப்பட்டார். இங்கிலாந்தில் அந்த எல்லைக்கு யாரும் போகவில்லை. ஆனால் பதவியைக் கொடுத்து அதிகாரத்தைப் பிடித்துவைப்பதற்குப் பின்னால் இதே கணக்கு மென்மையாக இருக்கிறது என்று ஊகிக்க இடமுண்டு.

சென்னை தரும் விடை

தமிழ் வாசகருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இந்தியாவில் உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் உள்ளதால், மேயருக்கு மேலே நிற்பது டெல்லியைவிடக் கோட்டையே. சென்னை மாநகராட்சி 1973-இல் கலைக்கப்பட்டு 1996 வரை மாமன்றம் இல்லாமல் இருந்தது. லண்டனின் 14 ஆண்டு வெறுமையைவிட நீண்ட காலம். 1996-இல் மு.க. ஸ்டாலின் சென்னையின் முதல் நேரடி மேயரானார். 2001-இல் மறுபடி வென்றார். அடுத்த ஆண்டு, அவருக்கு எதிரான கட்சியின் ஆட்சியில், சட்டமன்ற உறுப்பினர் மேயராகவும் இருக்கக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டது. 2006-இல் மறைமுகத் தேர்தல், 2011-இல் மீண்டும் நேரடி, 2022-இல் மீண்டும் மறைமுகம் என்று இரு கழக ஆட்சிகளும் முறையை மாற்றிக்கொண்டே வந்தன. இதற்கிடையே குடிநீர், நகரத் திட்டம் இரண்டும் தனி வாரியமாகவும் குழுமமாகவும் 1970-களிலேயே மாநில அரசின் கைக்குப் போயிருந்தன. ஆகவே நேரடியாக வந்த மேயரும் மறைமுகமாக வந்த மேயரும் ரிப்பன் மாளிகையில் ஏறத்தாழ அதே கோப்புகளைத்தான் பார்த்தார்கள். தேர்தல் முறையைவிடத் துறைகள் எங்கே இருக்கின்றன என்பதே முக்கியம் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று இங்கிலாந்திலும் இல்லை.

தீராமல் நிற்பவை

மூன்று நிலைப்பாடுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பணவாதமே கூடுதல் நிகழ்வுகளை விளக்குகிறது என்பது என் கணிப்பு. ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். சட்டம் ஏற்கெனவே தந்த அதிகாரத்தைத் துணிந்து பயன்படுத்த நேரடி வாக்கு உதவுகிறது. நெரிசல் கட்டணமும், வாகன மண்டலமும், மான்செஸ்டர் பேருந்தும் அப்படி வந்தவை. சட்டம் தராததை வாக்கு வாங்கித் தந்த இடங்கள் குறைவு, அவையும் ஆள்மாற்றம் போன்ற ஒருமுறை நிகழ்வுகள்.

மூன்று கேள்விகளுக்கு இன்னும் விடையில்லை. முதலாவது, பாதுகாப்பு. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தை அந்நாட்டு மக்களின் வாக்கெடுப்பின்றிக் கலைக்க முடியாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. லண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ அப்படி ஒரு வரி இல்லை. 2022-இல் மேயர் தேர்தலின் இரண்டாம் விருப்ப வாக்குமுறையையே மத்திய அரசு மாற்றியது. 2025 மசோதா பழைய முறைக்குத் திரும்ப முனைந்தது. இரண்டு முறையும் லண்டன் மக்களிடம் வாக்கெடுப்பு இல்லை.

இரண்டாவது, கூடிப் பேசும் இடம். 2024 அக்டோபரில் எடின்பரோவில் முதல்முறை கூடிய நாடுகள்–வட்டாரங்கள் மன்றத்தில் மேயர்களும் பிரதமரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அழைப்பது பிரதமர், நிகழ்ச்சிநிரலும் அவருடையது. 2025 மே மாதம் ரிஃபார்ம் யுகே கட்சி இரு வட்டார மேயர் பதவிகளை வென்றிருக்கிறது. ஆளும் கட்சியும் பழைய எதிர்க்கட்சியும் அல்லாத மேயர்களோடு இந்த மேசை எப்படி நடக்கும் என்பது பார்க்க வேண்டியது.

மூன்றாவது, பழைய பணக் கேள்வி. 2025 ஏப்ரல் முதல் பெருமான்செஸ்டருக்கும் மேற்கு மிட்லண்ட்ஸுக்கும் துறைவாரி மானியங்களைச் சேர்த்து ஒரே தொகையாகக் கொடுக்கிறார்கள். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள ஓரளவு சுதந்திரம் உண்டு. இது ஒழுங்கான மானியம், ஆனாலும் மானியமே. அந்த ஆண்டு நவம்பரில், இரவு தங்கும் பயணிகள் மீது தீர்வை விதிக்க இங்கிலாந்தின் மேயர்களுக்கு அதிகாரம் தருவதாக அரசு அறிவித்தது. பல ஆண்டுகளாக மேயர்கள் கேட்டுவந்தது அது. ஒரு ரயில் தடம் கட்ட அந்தத் தொகை போதாது. இருந்தும் கருவூலத்தின் வாசலில் ஒவ்வொரு ஆண்டும் போய் நிற்காமல் மேயர் தன் பொறுப்பில் வசூலித்து, தன் பொறுப்பில் செலவழித்து, அடுத்த தேர்தலில் தானே பதில் சொல்ல வேண்டிய பணம் அதுவாக இருக்கும். இரு தரப்பு உறவு மாறுகிறதா என்பதை மன்றக் கூட்டங்களைவிட இத்தகைய வரிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் அளக்க வேண்டும்.